'ஹார்ட் வொர்க்கிங் பெர்சன்'னு எழுதாதீங்க தம்பி! - ரெஸ்யூம் தளங்கள் நெய்வேலி இளைஞர்களுக்கு எவ்வளவு உதவும்?

போன மாதம் மந்தாரக்குப்பத்தில் சித்தி வீட்டுக்குப் போயிருந்தேன். சாப்பிட்டு முடித்துக் கை கழுவக்கூட விடவில்லை, சித்தி மகன் போனை நீட்டிவிட்டான். "அக்கா, பயோடேட்டா ரெடி பண்ணிட்டேன். நீ பத்திரிகையிலதானே இருக்கே, ஒருவாட்டி பார்த்துச் சொல்லு."

பார்த்தேன். இடது பக்கம் நீல நிறப் பட்டை. அதில் வட்டத்துக்குள் அவன் போட்டோ. கீழே 'லீடர்ஷிப்' என்று போட்டு ஐந்துக்கு நாலு நட்சத்திரம். 'கம்யூனிகேஷன்' ஐந்துக்கு ஐந்து (வீட்டுக்கு விருந்தாளி வந்தால் மொட்டை மாடிக்கு ஓடிவிடுகிற பையன்!). வலது பக்கம் தொடக்கமே, 'ரிசல்ட்ஸ் டிரிவன் புரொஃபஷனல் வித் எ புரூவன் டிராக் ரெக்கார்டு'.

"யாருடா இது?" என்று கேட்டேன்.

"நான்தான்க்கா. வெப்சைட்டே எழுதிக் குடுத்துச்சு."

தம்பிக்கு வயது 22. ஐ.டி.ஐ. ஃபிட்டர். என்.எல்.சி. சுரங்கத்தில் ஒரு வருடம் அப்ரண்டிஸ் முடித்திருக்கிறான். பயிற்சி முடிந்த மாதத்தோடு உதவித்தொகையும் நின்றுவிட்டது. சித்தப்பா ஒப்பந்தத் தொழிலாளி. இனி இவன் சம்பளம் வந்தாக வேண்டிய வீடு. அந்த ஒரு வருடச் சுரங்கப் பயிற்சிக்கு அந்த அழகான பக்கத்தில் கிடைத்திருந்த இடம் ஒரே ஒரு வரி.

அந்த வாரக் கடைசியில், அவனுடைய அதே விவரங்களை வைத்துக்கொண்டு நாங்கள் இருவருமாக ஏழெட்டு ரெஸ்யூம் தளங்களில் ஏறி இறங்கினோம். அதில் தெரிந்துகொண்டதுதான் இந்தக் கட்டுரை.

முதலில், ரெஸ்யூம் எங்கே வேண்டும்?

அப்பா, தாத்தா காலத்து நெய்வேலியில் இந்தக் கேள்வியே கிடையாது. 1956-ல் நிறுவனம் தொடங்கிய பிறகு வந்த தலைமுறைக்கு எம்ப்ளாய்மென்ட் எக்ஸ்சேஞ்ச் கார்டுதான் பயோடேட்டா. கார்டு போய்ப் படிவம் வந்தது. படிவம் இப்போது கம்ப்யூட்டருக்குள் போயிருக்கிறது. ஆனால், அது இன்னும் படிவம்தான். என்.எல்.சி.யில் பொறியாளர்களுக்கான கிராஜுவேட் எக்ஸிகியூட்டிவ் டிரெய்னி பணிக்கு கேட் மதிப்பெண் கேட்கிறார்கள். அப்ரண்டிஸ் பயிற்சி என்றால் டிகிரி, டிப்ளமோ படித்தவர்களுக்கு மத்திய அரசின் 'நாட்ஸ்' தளத்தில் பதிவு. ஐ.டி.ஐ. முடித்தவர்களுக்கு 'அப்ரண்டிஸ்ஷிப் இந்தியா' தளத்தில் பதிவு. அதோடு நிறுவனத்தின் அறிவிப்பில் கேட்கிற விண்ணப்பம், சான்றிதழ் நகல்கள். டி.என்.பி.எஸ்.சி. என்றாலும் கதை இதேதான். இங்கெல்லாம் யாரும் உங்கள் நீலப் பட்டையைப் பார்க்கப்போவதில்லை. மதிப்பெண்ணும் சான்றிதழும்தான் பேசும்.

எனவே 'என்.எல்.சி. இல்லையென்றால் அரசு வேலை' என்று மட்டும் காத்திருப்பவர்கள், ரெஸ்யூம் தளத்துக்கு ஒரு ரூபாய்கூடச் செலவழிக்க வேண்டாம். இதைச் சொல்லக் காரணம், பிரவுசிங் சென்டரில் என் கண்ணெதிரே ஒரு பெண், அப்ரண்டிஸ் விண்ணப்பத்தோடு இணைப்பதற்காக கலர் ரெஸ்யூமுக்குப் பணம் கொடுத்துக்கொண்டிருந்தார். அறிவிப்பில் அது கேட்கப்படவே இல்லை.

ரெஸ்யூம் தேவைப்படுவது தனியார் கம்பெனிகளுக்கு. ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், ஓசூர், பக்கத்தில் கடலூர் சிப்காட், அதைவிட்டால் வளைகுடா. அப்ரண்டிஸ் முடித்துவிட்டு நிரந்தர வேலை கிடைக்காத நம் ஊர்ப் பையன்கள் பெரும்பாலும் போக வேண்டியது அங்கேதான்.

பிரவுசிங் சென்டரா, வெப்சைட்டா?

தளங்களைக் குறை சொல்வதற்கு முன்னால் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். நம் ஜெராக்ஸ் கடைகளில் 'பயோடேட்டா தயாரித்துத் தரப்படும்' என்ற போர்டுக்குக் கீழே நடப்பதைவிட இந்தத் தளங்கள் எவ்வளவோ மேல். கடையில் பழைய கஸ்டமர் ஒருவரின் ஃபைலைத் திறந்து, பெயரை மட்டும் மாற்றித் தருவார்கள். முன்னாடி வந்தவரின் அப்பா பெயர் அப்படியே தங்கிவிட்ட பயோடேட்டாவை நானே பார்த்திருக்கிறேன். மதம், சாதி, தாய்மொழி, திருமணம் ஆனவரா என்று அதில் இருக்கும் பாதி விவரம் வரன் பார்க்கத்தான் உதவும். கல்யாணத்துக்கும் வேலைக்கும் ஒரே பெயரில் 'பயோடேட்டா' என்று சொல்கிற ஊர் நம்முடையது!

தளங்கள் அந்தக் குழப்பத்தைச் சரி செய்கின்றன. எது முதலில், எது கடைசியில் என்ற வரிசை வருகிறது. எழுத்துப் பிழை குறைகிறது. 'போன் நம்பர் போடவில்லையே' என்று ஞாபகப்படுத்துகின்றன. ஆங்கிலத்தில் நாலு வரி எழுதத் தயங்குகிற பிள்ளைகளுக்கு இதுவே பெரிய தைரியம்.

ஆனால், இவற்றில் பல நம்மை மனதில் வைத்துச் செய்தவை அல்ல. அது முதல் கட்டத்திலேயே தெரிந்துவிட்டது. 'ஃபர்ஸ்ட் நேம்', 'லாஸ்ட் நேம்' என்று கேட்டது. நமக்கு ஏது லாஸ்ட் நேம்? தம்பி ஒரு தளத்தில் இனிஷியலைப் போட்டான். இன்னொன்றில் ஓர் எழுத்தை ஏற்க மறுத்ததால் அப்பா பெயரை முழுசாகப் போட்டான். மூன்றாவதில் ஊர் பெயரைப் போட்டிருந்தான். மூன்று ரெஸ்யூமில் மூன்று ஆட்கள்! பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழில் எப்படி இருக்கிறதோ, அப்படியே எல்லா இடத்திலும் இருக்கட்டும். வேலை கிடைத்த பிறகு ஆதார், பி.எஃப். எல்லாவற்றிலும் பெயர் ஒத்துப்போக வேண்டியிருக்கும். அப்போது படும் அவஸ்தை இதைவிடப் பெரிது.

அடுத்தது மதிப்பெண். நம் கம்பெனிகள் பத்தாவது, பிளஸ் டூ அல்லது ஐ.டி.ஐ., டிப்ளமோ சதவீதம், முடித்த வருடம், அரியர் உண்டா என்று கேட்பார்கள். வெளிநாட்டுத் தளங்களில் பலவற்றில் சதவீதத்துக்குக் கட்டமே இல்லை. தனியாக ஒரு வரி சேர்த்துக்கொள்ள வேண்டியிருந்தது. இன்னொன்று சின்ன விஷயம்தான், ஆனால் எரிச்சல். அமெரிக்கத் தளங்கள் அந்த ஊர் 'லெட்டர்' அளவுத் தாளுக்கு ஃபைல் தருகின்றன. நம் கடையில் இருப்பது ஏ4. பிரின்ட் எடுத்தால் ஓரங்கள் கோணலாக வருகின்றன. டவுன்லோடு செய்யும் முன் பேப்பர் அளவைப் பாருங்கள்.

அந்த நீலப் பட்டையின் கதை

பெரிய கம்பெனிகளில் விண்ணப்பங்களை முதலில் வாங்குவது மென்பொருள். 'அப்ளிகன்ட் டிராக்கிங் சிஸ்டம்', சுருக்கமாக ஏ.டி.எஸ். என்பார்கள். அது ரெஸ்யூமில் இருக்கும் எழுத்துகளைப் பிரித்தெடுத்துப் பெயர், படிப்பு, அனுபவம் என்று தனித்தனியாகப் போட்டு வைக்கும். கம்பெனிக்காரர் 'ஃபிட்டர், கன்வேயர்' என்று தேடினால், அந்த வார்த்தைகள் உள்ளவை மேலே வரும். இரண்டு பத்தி, டேபிள், படமாகப் போட்ட எழுத்து எல்லாம் இருந்தால் அதற்குக் குழம்புகிற வாய்ப்பு அதிகம். நட்சத்திரம் அதற்குப் புரியாது. மனிதருக்கும்தான், 'லீடர்ஷிப் நாலு ஸ்டார்' என்றால் யார் கொடுத்த ஸ்டார்?

இதைச் சோதிக்கக் காசு தேவையில்லை. உங்கள் பி.டி.எஃப்.ஐ. போனில் திறந்து, எழுத்துகள் முழுவதையும் காப்பி செய்து, வாட்ஸ்அப்பில் உங்களுக்கே ஒரு மெசேஜாக அனுப்பிப் பாருங்கள். வரிசை மாறாமல் வந்தால் பிரச்னை இல்லை. தம்பியுடையதில் போன் நம்பருக்குப் பாதியில் 'டீம் பிளேயர்' வந்து உட்கார்ந்திருந்தது.

உடனே பயப்படவும் வேண்டாம். '75 சதவீத ரெஸ்யூம்களை மெஷினே குப்பையில் போட்டுவிடுகிறது' என்று பல தளங்கள் பெரிய எழுத்தில் போட்டிருக்கின்றன. நான் தேடிப் பார்த்தவரை அந்த எண்ணுக்குப் பின்னால் உருப்படியான ஆய்வு எதுவும் இல்லை, ஒரு தளம் இன்னொரு தளத்தைப் பார்த்து எழுதியதுதான். பயமுறுத்திவிட்டு, 'உங்கள் ஸ்கோர் 42, சரி செய்ய இங்கே பணம் கட்டுங்கள்' என்று சொல்வதற்கு அது வசதியாக இருக்கிறது. ஆட்களும் அதிக நேரம் பார்ப்பதில்லை என்பது மட்டும் உண்மை. அமெரிக்காவின் 'லேடர்ஸ்' என்ற வேலைவாய்ப்பு நிறுவனம் 2018-ல் வெளியிட்ட ஆய்வில், ஆள் எடுப்பவர்கள் முதல் பார்வைக்கு ஒதுக்கிய நேரம் சராசரியாக 7.4 விநாடி.

அக்காவின் கார்டில் வந்த மெசேஜ்

நான் வருவதற்கு முன்பே தம்பி ஒரு காரியம் செய்திருந்தான். நீலப் பட்டை ரெஸ்யூமைத் தயாரித்தது ஒரு வெளிநாட்டுத் தளம் (பெயர் வேண்டாம், ஒரே அச்சில் பல தளங்கள் உண்டு). 'இலவசம்' என்றுதான் அழைத்தது. முக்கால் மணி நேரம் உட்கார்ந்து எல்லா விவரமும் போட்டு முடித்து, டவுன்லோடு பட்டனை அழுத்திய பிறகுதான் பணம் கேட்டது. சின்னத் தொகை. ஆனால் அதற்குக் கீழே பொடி எழுத்தில், சோதனைக் காலம் முடிந்ததும் நாலு வாரத்துக்கு ஒருமுறை முழுச் சந்தா தானாக எடுத்துக்கொள்ளப்படும் என்று இருந்தது. செய்த வேலை வீணாகிவிடுமே என்ற பதற்றத்தில், கல்யாணம் ஆகிப் போன அக்காவின் டெபிட் கார்டு நம்பரை வாங்கிப் போட்டுவிட்டான்.

சந்தா போவதற்கு முந்தின நாள் அக்காவுக்கு வங்கியிலிருந்து மெசேஜ் வந்தது. இரண்டாயிரத்துக்கும் மேல் எடுக்கப்போகிறார்கள் என்று. அந்த மெசேஜைப் பார்த்து ரத்து செய்ததால் தப்பித்தார்கள். அந்த மெசேஜ் தற்செயலாக வந்தது இல்லை. கார்டு, யு.பி.ஐ. மூலம் தானாகப் போகும் தொடர் கட்டணங்களுக்கு, 24 மணி நேரம் முன்பே வாடிக்கையாளருக்குத் தகவல் தர வேண்டும் என்ற ரிசர்வ் வங்கியின் விதி 2021 அக்டோபர் 1 முதல் முழுமையாக அமலில் இருக்கிறது. அந்த மெசேஜில் ரத்து செய்யும் வழியும் இருக்கும். விளம்பரம் என்று நினைத்து அழித்துவிடாதீர்கள்.

இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். உள்ளே இழுத்துவிட்டு வெளியே வர விடாத இந்த உத்திக்கு 'சப்ஸ்கிரிப்ஷன் டிராப்' என்று பெயர். மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30-ல் அறிவித்த வழிகாட்டுதலில், தடை செய்யப்பட்ட 13 ஏமாற்று உத்திகளில் இதுவும் ஒன்று. மாட்டிக்கொண்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் பேசலாம்.

சரி, காசு இல்லாமல் எது? கூகுள் டாக்ஸ் ஆப்பில் ரெஸ்யூம் மாதிரிகள் இலவசம், போனிலேயே செய்யலாம். லேப்டாப் இல்லாத நம் பிள்ளைகளுக்கு என் ஓட்டு இதற்குத்தான். கேன்வாவில் அழகு அதிகம். கிரீடச் சின்னம் போட்டவைக்கு மட்டும் கட்டணம். ஆனால், டிசைன், மீடியா வேலைக்குப் போகிறவர்கள் தவிர மற்றவர்கள் அதில் எளிமையான ஒற்றைப் பத்தி மாதிரியை எடுப்பது நல்லது. ஐரோப்பா பக்கம் போகும் யோசனை இருந்தால், ஐரோப்பிய ஆணையமே நடத்தும் 'யூரோபாஸ்' முழுக்க இலவசம். நௌக்ரி, லிங்க்ட்இன் இரண்டும் ரெஸ்யூம் செய்வதற்கு என்பதைவிட, கம்பெனிகள் நம்மைத் தேடி வருவதற்குப் பயன்படும். தமிழ்நாடு அரசின் 'தனியார் துறை வேலை இணையம்' பலருக்குத் தெரியவே இல்லை. கட்டணம் கிடையாது, ஐ.டி.ஐ. படித்தவர்களுக்கும் வாய்ப்புகள் வருகின்றன. அதில் ஒரு பதிவு போட்டு வையுங்கள்.

எதில் செய்தாலும் ஆதார் எண், பான் எண், பாஸ்போர்ட் எண் வேண்டாம். கேட்கும்போது கொடுத்தால் போதும். பிரவுசிங் சென்டரில் செய்தால் 'டவுன்லோட்ஸ்' ஃபோல்டரில் கிடக்கும் உங்கள் ஃபைலை அழித்துவிட்டு எழுந்திருங்கள். தம்பியின் இமெயில் முகவரி ஒரு நடிகரின் பட்டப்பெயரில் இருந்தது. அதையும் மாற்றச் சொன்னேன். ரெஸ்யூமில் ஏதாவது மாற்றச் சொன்னதற்கு அவன் முகம் சுருங்கியது அந்த ஒரு இடத்தில்தான்.

"பெல்ட்ல என்னடா பண்ணுவே?"

தளங்கள் எதுவும் செய்யாத வேலை ஒன்று மிச்சம் இருந்தது. அவன் என்ன செய்தான் என்று எழுதுவது. 'ஃபிட்டர்' என்று தட்டியதுமே பல தளங்கள் ரெடிமேட் வாக்கியங்களைக் கொட்டுகின்றன. இப்போது ஏ.ஐ. வேறு சேர்ந்துகொண்டது. ஒன்று, 'உற்பத்தித் திறனை 25 சதவீதம் உயர்த்தினேன்' என்று எழுதிக் கொடுத்தது. அப்ரண்டிஸ் பையன் எந்த உற்பத்தியை எப்படி உயர்த்தினான்? இன்டர்வியூவில் 'எப்படிக் கணக்கு போட்டீங்க தம்பி?' என்று ஒரே ஒரு கேள்வி கேட்டால் போச்சு. அதே வாக்கியத்தை அதே நாளில் எத்தனை ஃபிட்டர்கள் டவுன்லோடு செய்திருப்பார்களோ!

போனைப் பிடுங்கி வைத்துவிட்டு, பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தையும் பேனாவையும் எடுத்தேன். "காலையில உள்ள போனா என்ன பண்ணுவே, சொல்லு."

"ஒண்ணும் இல்லக்கா. பெல்ட்ல வேலை."

"பெல்ட்ல என்னடா பண்ணுவே?"

அதன் பிறகு முக்கால் மணி நேரம் பேசினான். ராட்சதச் சக்கரம் சுழன்று மண்ணையும் பழுப்பு நிலக்கரியையும் வெட்டிப்போட, அதைக் கிலோ மீட்டர் கணக்கில் சுமந்து போகிற கன்வேயர் பெல்ட். அதைத் தாங்கும் ரோலர் எப்போது தேய்ந்துபோகும், சத்தத்தை வைத்து எப்படிக் கண்டுபிடிப்பது, பெல்ட் ஒரு பக்கமாக ஓடினால் எதைச் சரி செய்வது, பம்ப்பையும் மோட்டாரையும் இணைக்கிற கப்ளிங்கை டயல் கேஜ் வைத்து எப்படி நேராக்குவது, பேரிங்கை எப்படிக் கழற்றுவது. எல்லாம் அவன் பக்கத்தில் நின்று பார்த்தது, சீனியர் சொல்லிக்கொடுத்துக் கையால் செய்தது.

"பெல்ட்டை நிறுத்திட்டு உடனே கை வைக்க மாட்டோம்க்கா. பெர்மிட் வாங்கி, கரன்ட் கட் பண்ணி, பூட்டு போட்டு, போர்டு மாட்டினப்புறம்தான் தொடணும். இல்லன்னா சீனியர் திட்டுவாரு."

அதற்கு 'லாக் அவுட் டேக் அவுட்' என்று பெயர். பெரிய தொழிற்சாலைகளின் மெயின்டெனன்ஸ் பிரிவில் பாதுகாப்பின் அரிச்சுவடி அது. வேலைக்கு வருகிறவருக்கு அது தெரியுமா என்று கேட்காத கம்பெனி குறைவு. இவன் ஒரு வருடம் தினமும் செய்திருக்கிறான், அது எழுதுகிற விஷயம் என்றே தோன்றவில்லை. அந்த இடத்தில்தான் 'லீடர்ஷிப்' நாலு நட்சத்திரம் இருந்தது.

ரெஸ்யூம் பற்றிப் பேசினால் லியோனார்டோ டாவின்சியைக் கொண்டுவருவது வழக்கம். 1482 வாக்கில் மிலான் நகர ஆட்சியாளர் லுடோவிகோ ஸ்ஃபோர்சாவுக்கு அவர் எழுதிய வேலை கேட்கும் கடிதத்தைத்தான் உலகின் முதல் ரெஸ்யூம் என்பார்கள். முதலா இரண்டாவதா என்பது இருக்கட்டும். அதில் அவர் 'நான் கடின உழைப்பாளி' என்று எழுதவில்லை. எளிதில் தூக்கிச் செல்லும் பாலம் கட்டத் தெரியும், அகழியில் தண்ணீரை வடிக்கத் தெரியும், பீரங்கி செய்யத் தெரியும் என்று வரிசையாகச் சொன்னார். ஓவியம் வரைவேன் என்பது கடைசியில்தான் வருகிறது. எதிரில் இருப்பவருக்குப் போர்க்காலம், அவருக்கு வேண்டியது பாலம்.

காலண்டர் தாளில் இருந்ததை எளிய ஆங்கிலத்தில் ஆறு வரியாக மாற்றினோம். அவன் சொல்ல, நான் எழுதினேன். 'பார்த்தது' என்றதை 'பார்த்தது' என்றும், 'உதவி செய்தது' என்றதை 'உதவி செய்தது' என்றும்தான் எழுதினோம், கூட்டிச் சொல்லவில்லை. நிறுவனத்தின் பெயரை 'நெய்வேலி லிக்னைட் கார்ப்பரேஷன்' என்று போட்டிருந்தான். 2016-லேயே அது 'என்.எல்.சி. இந்தியா லிமிடெட்' ஆகிவிட்டது. அவன் பயிற்சிச் சான்றிதழிலும் அப்படித்தான் இருக்கிறது, அதையும் திருத்தினோம். கூகுள் டாக்ஸில் பட்டை இல்லாத ஒரு மாதிரி. ஒரே பக்கம், போட்டோ இல்லை. பி.டி.எஃப். ஃபைலுக்கு 'நியூ ரெஸ்யூம் ஃபைனல் 3' என்று வைத்திருந்த பெயரை மாற்றி, அவன் பெயரையும் 'ஃபிட்டர்' என்ற வார்த்தையையும் வைத்தோம்.

சித்திக்குத் திருப்தி இல்லை. "முன்னாடி இருந்ததுதான் கலரா, லட்சணமா இருந்துச்சு" என்றார்.

ஒன்பது கம்பெனிகளுக்கு அனுப்பினான். இதை எழுதுகிற நேரம் வரை ஏழு இடங்களிலிருந்து சத்தமே இல்லை. ஒன்றில், இரண்டு வருட அனுபவம் வேண்டும் என்று பதில் வந்திருக்கிறது. ஒரகடத்திலிருந்து மட்டும் போன் வந்ததாம். பேசியவர் பெயர், ஊர் எதுவும் கேட்கவில்லை.

"எடுத்ததும், 'கப்ளிங் அலைன்மென்ட் நீயே பண்ணிருக்கியா, இல்ல பக்கத்துல நின்னு பார்த்தியா?'ன்னு கேட்டாருக்கா."

"நீ என்ன சொன்னே?"

"நாலு தடவை பக்கத்துல நின்னேன், ரெண்டு தடவை நானே பண்ணேன்னு சொன்னேன். வியாழக்கிழமை நேர்ல வரச் சொல்லிருக்காங்க."

முதல் நாள் ராத்திரியே ஆர்ச் கேட்டில் பஸ் ஏறிவிட வேண்டுமா, விடியற்காலை கிளம்பினால் போதுமா என்று சித்தி இப்போது எனக்கு போன் மேல் போன் போட்டுக்கொண்டிருக்கிறார்.